தொண்டை வலிதானே என்று இருந்துவிட்டேன்!

நம் வீடுகளில் தொண்டை வலி என்பது ஒரு வியாதிக் கணக்கிலேயே சேராது. மழையில் நனைந்தால் வரும். கல்யாண வீட்டுக்குப் போய் ஊர்த் தண்ணீர் மாறினாலும் வரும். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளி, பாலில் மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் குடி, பேசாமல் படு - இவ்வளவுதான் வைத்தியம். பெரும்பாலும் அதிலேயே சரியாகியும் போய்விடும். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எத்தனை தொண்டை வலி பார்த்திருப்பேன்! 'கைவைத்தியத்துக்கு அவகிட்டே கேளுங்க' என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர்கூட உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வம் 2022-ம் ஆண்டு ஆவணி மாதத்தில் அடங்கியது. சொல்லிக்கொள்ளப் பெருமையான கதை இல்லை. இருந்தாலும் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அக்கா காரைக்குடியில் இருக்கிறாள். அவள் மகன் எங்கள் ஊர் திருச்சியில் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். வயது பத்தொன்பது. வாரம் பூராவும் ஹாஸ்டல், சனி ஞாயிறு எங்கள் வீடு. ஒரு சனிக்கிழமை வந்தவன் தட்டில் இட்லியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, சாப்பிடலையா?"

"தொண்டை வலிக்குது சித்தி. வியாழக்கிழமையிலிருந்து. எச்சில் முழுங்கினாலே உயிர் போகுது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது, ஒரு பக்கம் சதை வீங்கியிருந்தது. இளஞ்சூடாக ஜுரமும் இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று வாய் வரை வந்தது. அன்று வீட்டில் விருந்தாளிகள். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருப்பேன். யாருக்காவது வாங்கி மிச்சமான மாத்திரைகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அஸித்ரோமைசின் மாத்திரை இரண்டு மிச்சம் இருந்தது. அன்றைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் "பரவாயில்லை சித்தி" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனான். புதன்கிழமை போன் செய்தபோது தொண்டை வலி நன்றாகவே குறைந்துவிட்டது என்றான். பார்த்தீர்களா, என் மருந்து வேலை செய்துவிட்டது!

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கூட ஒரு சிநேகிதன் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினான். உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்த நிமிஷம் குளிர். மூன்று போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடுகிற மாதிரி உதறினான். "தொண்டை எப்படிடா இருக்கு?" என்றால், "தொண்டை இல்லை சித்தி, கழுத்துதான் வலிக்குது" என்று இடது பக்கம் தாடைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான்.

தலையணை சரியில்லாமல் படுத்துச் சுளுக்கிக்கொண்டான் என்று நினைத்துத் தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனேன். கை பட்டதும் அலறினான். அதனால் விட்டேன். இல்லாவிட்டால் நன்றாக நீவியே விட்டிருப்பேன். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

எழுபத்தெட்டு வயதான என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் என்னை எழுப்பி, "ஏம்மா, ஜுரத்துல குளுருறது ஒண்ணு. பல்லு கிட்டி ஒதர்றது வேற. இது வேற. புள்ளைக்கு மூச்சு வாங்குது பாரு. இன்னமும் என்ன வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே, கெளம்பு" என்றார். உண்மைதான். மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்று சொல்லி, பாதி மூச்சு பாதி மூச்சாக விட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தன. மழைக்காலம் வேறு, எல்லோருக்கும் டெங்கு ஞாபகம்தான் வந்தது. அப்போது டூட்டியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அவர் பையன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "இந்த ஜுரத்துக்கு முன்னாடி, ஒரு பத்து நாளைக்குள்ள வேற ஏதாவது உடம்பு சரியில்லாம இருந்ததா?" என்று கேட்டார்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாத்திரை கொடுத்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு தொண்டை வலியையும் சொன்னேன், மாத்திரைப் பெயரையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. விரல்களால் பையன் கழுத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "டெங்குவும் பார்த்துடலாம்மா. ஆனா டெங்குவுக்குக் கழுத்துல ஒரு பக்கம் மட்டும் இப்படி வீங்காது" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட், பிறகு கழுத்துக்கும் மார்புக்கும் சி.டி. ஸ்கேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரை முதன்முதலில் காதால் கேட்டேன் - லெமியேர் நோய்.

தொண்டையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கியதையும், நர்சிங் படிக்கும் என் மகள் பிறகு படித்துச் சொன்னதையும் சேர்த்து எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஃப்யூஸோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்று ஒரு கிருமி. வாயில் நுழையாத பெயர்! காற்றுப் படாத இடத்தில்தான் அது பெருகும். சாதாரணமாகத் தொண்டையில் புண்ணை உண்டாக்குவதோடு நின்றுவிடும். மிக அபூர்வமாக, அடிநாக்குச் சதைக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் வழியாகக் கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் பெரிய சிரைக்குள் போய்விடுகிறது. தலையிலிருந்து அசுத்த ரத்தத்தை இருதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய் அது. அதற்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிறது, அந்தக் கட்டிக்குள் கிருமி குடியேறுகிறது. பையன் சுளுக்கு என்று சொன்ன வலி இதுதான். நான் தைலம் தேய்க்கப் போன இடமும் இதுதான்.

அந்தக் கட்டியிலிருந்து துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து ரத்தத்தோடு போய், இருதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரலில் மாட்டிக்கொள்கிறது. மாட்டிய இடமெல்லாம் சீழ்க் கட்டி. மூச்சு இழுத்தால் குத்துவது அதனால். சிலருக்கு மூட்டு, கல்லீரல் என்று மற்ற இடங்களுக்கும் பரவும். ரத்தம் முழுவதும் விஷமாகி ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. தொண்டை வலி வந்து சுமார் ஒரு வாரம் கழித்துத்தான், சிலருக்கு அதற்கும் மேல் ஆகி, இந்த இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அதற்குள் தொண்டை அநேகமாக ஆறிப்போயிருக்கும். நோயாளியே தொண்டையை மறந்திருப்பார். டாக்டர் கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை.

இருபது பேரில் பதினெட்டுப் பேர்

லெமியேர் என்பது பிரெஞ்சு டாக்டர் ஒருவரின் பெயர். ஆந்த்ரே லெமியேர் பாரிஸ் நகரத்தில் தொற்று நோய்களுக்கான ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1936-ம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் இப்படிப்பட்ட இருபது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த இருபது பேரில் பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம் வயதினர், அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்கள். தொண்டை வலி, சில நாள் கழித்து உதறல் ஜுரம், கழுத்தில் வீக்கம், நுரையீரலில் கட்டி - இந்த வரிசையைப் பார்த்தாலே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில்!

1940-களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்தது. தொண்டைப் புண்ணுக்கெல்லாம் அதைக் கொடுத்ததில் இந்த நோய் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. 'மறக்கப்பட்ட நோய்' என்றே டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். 1990-களுக்குப் பிறகு மறுபடி அங்கங்கே தலைகாட்டுகிறது.

எத்தனை பேருக்கு வருகிறது? டென்மார்க் நாட்டில் 1998 முதல் 2001 வரை நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். மொத்த ஜனத்தொகையில் பத்து லட்சம் பேருக்கு வருஷத்துக்கு நாலு பேர்கூட இல்லை. ஆனால் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்குப் பதினாலு பேர். அதாவது காலேஜ் பிள்ளைகள் வயது. நல்ல மருந்துகள் இருந்தும் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2015-ல் வெளிவந்தது. தொண்டை வலியோடு வந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவர் தொண்டையில் இந்தக் கிருமி இருந்ததாம். ஒரு வலியும் இல்லாத மாணவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இருந்ததாம். ஆகவே கிருமி இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். அது கழுத்துக் குழாய்க்குள் நுழைவதுதான் லட்சத்தில் ஒருவருக்கு நடக்கிற விபரீதம். ஏன் ஒருவருக்கு மட்டும் நுழைகிறது என்று டாக்டர்களாலும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லை.

நான் கொடுத்த மாத்திரை

இனி என் தப்புக்கு வருகிறேன். "நான் கொடுத்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?" என்று ஒருநாள் வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"மாத்திரையால வரலைம்மா. ஆனா அந்த மாத்திரை இந்தக் கிருமிகிட்டே அனேகமாக எடுபடாது. அஸித்ரோமைசின், எரித்ரோமைசின் ஜாதி மருந்துக்கு இது பணியறதில்லை. நீங்க கொடுத்தது மருந்தில்லை, தைரியம். அதை நம்பி ஒரு வாரம் போயிடுச்சு" என்றார்.

அதற்காகத் தொண்டை வலித்தால் உடனே பெரிய மருந்தாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அதையும் அவரே சொன்னார். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது. கண்டபடி சாப்பிட்டால் கிருமிகளுக்கு மருந்து பழகிப்போய், உண்மையான ஆபத்து வரும்போது கைவிட்டுவிடும். எதற்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பார்த்துச் சொல்கிறவர் டாக்டர். பிஸ்கட் டப்பா அல்ல.

பையன் ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். நரம்பு வழியாக இரண்டு விதமான ஆன்டிபயாடிக் ஏறியது. ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தக் கிருமி மெதுவாக வளருவதால் முடிவு வரப் பல நாள் ஆயிற்று. அதுவரை காத்திருந்தால் பிள்ளை இருந்திருக்க மாட்டான். டாக்டரம்மா சந்தேகத்தின் பேரிலேயே முதல் நாளே மருந்தைத் தொடங்கிவிட்டார். நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்திருந்த சீழை விலாவில் குழாய் போட்டு எடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதில் டாக்டர்களுக்குள் இரண்டு கருத்து உண்டாம். இவனுக்கு யோசித்து மூன்று மாதம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், வீட்டில் மாத்திரையாக மேலும் மூன்று வாரம், ஆக மொத்தம் ஆறு வாரம் ஆன்டிபயாடிக். எழுபது கிலோ இருந்த பிள்ளை ஐம்பத்தெட்டு கிலோவாக வெளியே வந்தான்.

அக்கா முதல் நாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். மாத்திரை விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஐ.சி.யு. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நான் இருந்தாலும் அதைத்தான்டி குடுத்திருப்பேன். என் வீட்டுலயும் டப்பா இருக்கு" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அழுகை வந்திருக்காது.

எப்போது ஓட வேண்டும்?

சாதாரணத் தொண்டை வலி மூன்று நாலு நாளில் இறங்குமுகமாகி, ஒரு வாரத்தில் போய்விடும். வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளிப்பதும், கஞ்சியும் ரசமுமாகச் சாப்பிட்டு ஓய்வு எடுப்பதும் நல்லதே. (ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்கு மட்டும் தேன் தடவாதீர்கள்.) ஆனால் கீழே சொல்லியிருப்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது வேண்டாம்.

* தொண்டை வலி குறைந்து வரும்போது, அல்லது குறைந்த சில நாளில், மறுபடி ஜுரம் ஏறுவது. முக்கியமாக, கட்டிலே ஆடும்படி உதறல்.

* கழுத்தில் ஒரு பக்கம் மட்டும், தாடைக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ வலி, வீக்கம், தொட்டால் பொறுக்க முடியாமை. அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், நீவாதீர்கள், சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகாதீர்கள்.

* மூச்சு இழுத்தால் நெஞ்சிலோ விலாவிலோ குத்து, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம்.

* வாயைத் திறக்க முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல் மாறுவது. இது அடிநாக்குச் சதைக்குப் பக்கத்தில் சீழ் கோத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

* மயக்கம், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது.

மூச்சு முட்டினாலோ மயங்கினாலோ 108-க்குப் போன் செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள்.

சின்னக் குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் பெரும்பாலும் வாலிப வயதில்தான் வருகிறது. ஆனால் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு மூட்டுவாத ஜுரம் வந்து இருதய வால்வையே கெடுத்துவிடும். ஆகையால் ஜுரத்தோடு கூடிய தொண்டை வலியைக் குழந்தைகளுக்கு டாக்டரிடம் ஒருதரம் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம். அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை, வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மிச்சமாகும். மிச்சமானால் என்னைப் போல் ஒருத்தி அதை எடுத்து வேறொரு பிள்ளைக்குக் கொடுப்பாள்.

இன்னொன்று, டாக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். போன வாரத்துத் தொண்டை வலி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த கஷாயம் - எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் அன்றைக்கு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற இன்னும் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ!

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளிடம் போன் செய்யும்போது "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறோம். உடம்பு சரியில்லை என்று சொன்ன பிள்ளையிடம் ஒரு வாரம் கழித்தும் ஒருதரம் விசாரியுங்கள். "தொண்டை எப்படி இருக்கு?" என்பதோடு நிறுத்தாமல், "ஜுரம் திரும்ப வந்ததா? கழுத்து வலிக்குதா?" என்று கேளுங்கள். அறைத் தோழனின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளையை அன்று ராத்திரி ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தது அந்த சிநேகிதன்தான்.

பையன் ஒரு பருவத் தேர்வை விட்டு, அடுத்த முறை எழுதித் தேறினான். படிப்பை முடித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். விலாவில் குழாய் போட்ட தழும்பு இருக்கிறது. "சித்தி போட்ட கையெழுத்து" என்று கேலி செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அந்தப் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தேன். இப்போது அதில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதை ஒருதரம் திறந்து பாருங்கள்.